சமச்சீர் அச்சும் கனடா மாப்பிள்ளையும்

கணக்கில் நான் இரண்டு தரம் பெயில். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? முதல் தரம் யாழ்ப்பாணத்தில், இரண்டாம் தரம் கொழும்பில். மற்றப் பாடங்கள் எல்லாம் நல்லாகவே வந்தன. சமயத்துக்கு டி, அதுதான் ஆக உயர்ந்த சித்தி. கணக்குக்கு எஃப். அம்மா பெறுபேற்றுத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடவுளைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய், அந்த மனிசன் கணக்குக்கு ஒரு கை தந்திருக்கலாம்" என்றார்.

சண்டைக்காலம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு அசையமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். அண்ணா கனடாவில். நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தற்காலிகத் தட்டெழுத்தாளர். வேலையை நிரந்தரமாக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் கணக்குச் சித்தி வேண்டும் என்று முகாமையாளர் சொல்லிவிட்டார். தட்டச்சு யந்திரத்தில் வர்க்கமூலம் அடிக்க ஒரு கட்டையே இல்லை, எனக்கு எதற்கையா கணக்கு என்று கேட்க வாய் உன்னியது. வேலை போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணா ஒரு படம் அனுப்பினான். பனிக்கு நடுவில் ஒரு சிவப்புக் கார். காரில் ஒரு கையை ஊன்றியபடி ஒரு மீசைக்காரர். கார் நல்ல வடிவு. ஆள் தொப்பியும் மப்ளரும் போட்டிருந்ததால் மீசையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அம்மா அந்தப் படத்தைச் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் அடுத்ததாக மாப்பிள்ளை நின்றார்.

"இந்த முறை கணக்குப் பாஸ் பண்ணி, வேலையை நிரந்தரமாக்கு. நான் வாய் திறக்கமாட்டன்" என்றார் அம்மா. "பெயில் விட்டியோ, அடுத்த தை மாசம் கனடா. அண்ணா சொல்லிப்போட்டான்."

"காரைக் கட்டச் சொல்லுறியளோ, ஆளைக் கட்டச் சொல்லுறியளோ?"

"உந்த வாய்க்கு அங்கதான் சரி. குளிர் பிடிச்சா வாய் மூடும்."

எனக்குப் பயமாக இருந்தது. பகிடி விட்டாலும் பயம் பயம்தான். கொழும்பு எனக்குப் பிடித்திருந்தது. காலையில் காலி வீதியில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, என் மேசை, என் கதிரை, என் யந்திரம் என்று போய் இருப்பதில் ஒரு புளுகம், ஒரு சந்தோசம். மீசையை மட்டும் காட்டிய ஒருவருக்காக அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் கணக்கு வராது. வராது என்றால் வராதுதான். அதிலும் அந்த வரைபுக் கணக்கு. வினாத்தாளில் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும், தவறாமல் என்னைக் கவிழ்க்கும்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் கந்தோருக்கு ரிப்பன் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். கடை வாசலில் யாரோ முதுகில் ஓங்கி ஒரு அறை. திரும்பித் திட்ட வாயெடுத்தேன்.

"எடியேய், வலப்பக்கம்!"

உலகத்தில் என்னை வலப்பக்கம் என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் ஒரே வாங்கில் எனக்கு இடப்பக்கம் இருந்தவள். நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக் கத்தினோம். மூட்டை தூக்கிக்கொண்டு போனவர்கள் விலகிப் போக வேண்டியதாயிற்று.

இந்த வலப்பக்கம் இடப்பக்கக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த நாட்களில் கிராப் தாளும் மண்ணெண்ணெய் மாதிரித்தான். வரும் வரும் என்பார்கள், வராது. வந்தாலும் ஒரு வாங்குக்கு ஒரு தாள். இருபடிச் சார்பின் வரைபோ ஒரு கிண்ணம் போல இருக்கும், சிலவேளை கவிழ்த்த கிண்ணம். அதற்கு நடுவே ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டால் இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்று போல இருக்கும். அந்தக் கோட்டுக்குத்தான் சமச்சீர் அச்சு என்று பெயர். பிறகென்ன? பாகம் பிரிக்கச் சொல்லிக் கணக்கே சொல்கிறது. அவள் முதலில் அச்சு எங்கே என்று பார்ப்பாள். பிறகு தாளை அந்தக் கோட்டில் மடிப்பாள். இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு. இரண்டு பேரும் கீறி முடித்து விரித்தால் கிண்ணம் முழுதாக இருக்கும். இரண்டு பேருக்கும் புள்ளி.

ஓ.எல். சோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில் அவள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனாள். சோதனை எழுதவே இல்லை. நான் எழுதினேன், பெயில் விட்டேன். இப்போது அவள் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் இருக்கிறாளாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல். எழுதப் போகிறாளாம், கணக்கும் சேர்த்து.

"நானும்தானடி. கணக்கு, மூன்றாம் தரம்" என்றேன்.

"மூன்றாம் தரமோ? நீ என்னத்தையடி அங்க போய் எழுதுறனீ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கவென்றே வெள்ளவத்தைக்கு வந்தாள். அம்மா தேத்தண்ணீர் வைத்தார். அவள் கதிரையில் இருந்து, ஒரு கிராப் தாளை என் முன்னால் போட்டாள். கொழும்பில் அது கடைகளில் குவிந்து கிடந்தது.

"y சமன் x வர்க்கம், சய இரண்டு x, சய மூன்று. மறை இரண்டிலயிருந்து நாலு வரைக்கும். கீறு பாப்பம்."

சய என்றால் கழித்தல், சக என்றால் கூட்டல், மறை என்றால் மைனஸ்; அவ்வளவு எனக்கும் தெரியும். நான் தாளை எடுத்தேன். மூலையோடு மூலை சேர்த்து, சரி பாதியாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தேன்.

"என்ன செய்யிறாய்?"

"அச்சு எடுக்கிறன்."

அவள் என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். "சோதினையிலயும் இப்பிடியோ செய்தனீ?"

"ஓம். மடிப்பு எந்த எண்ணில வருதோ அதை எழுதினனான். ரெண்டாந் தரம் இன்னும் வடிவா மடிச்சனான்."

அவள் சிரித்த சிரிப்பில் கதிரை சுவரில் இடித்தது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "விசரி! அச்சு தாளில இல்லையடி, கணக்கில இருக்கு! உனக்குத் தாள் குறைஞ்சா நீ சண்டை பிடிப்பாய் எண்டுதான் ஒவ்வொரு முறையும் அச்சு தாளின்ர நடுவில வரத்தக்கதா நான் அளவுத்திட்டம் போட்டனான்" என்றாள்.

மூன்று வருடமாக, எந்தச் சார்பாக இருந்தாலும் அச்சு தாளின் நடுவில்தான் விழும், அதுதான் அதன் இயல்பு என்று நம்பியிருந்தேன். அவள் எனக்காகச் செய்த நீதியைக் கணிதத்தின் விதி என்று நினைத்துக்கொண்டு இரண்டு சோதனை மண்டபங்களில் போய் இருந்து, கண்காணிப்பாளர் பார்க்கப் பார்க்கத் தாள் மடித்திருக்கிறேன். எவனோ ஒரு திருத்துநர் என் தாளின் மடிப்பை விரித்துப் பார்த்து என்ன நினைத்திருப்பான்!

"அதை அப்பவே சொல்லுறதுக்கென்ன?" என்று கத்தி, கோடு கீறும் அடிமட்டத்தை எறிந்தேன். அது போய் சுவாமித் தட்டில் விழுந்து மாப்பிள்ளையின் படத்தைக் கவிழ்த்தது. அவள்தான் எழுந்து போய் எடுத்து, துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்த்தி வைத்தாள்.

"ஆர் இது?"

நான் கதை முழுவதையும் சொல்லி அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஆனால் கண்ணீர் கண்ணீர்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீ பாஸ் பண்ணத்தான் வேணும்" என்றாள்.

அன்று தொடங்கியது. ஒரு ஞாயிறு வெள்ளவத்தையில், அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில்.

முதல் ஞாயிறே எனது அடுத்த ஊனமும் வெளியே வந்துவிட்டது. வரைபின் இடது பக்கத்தில்தான் மறை எண்கள் இருக்கும். மூன்று வருடமும் அந்தப் பக்கம் அவளுடையது. எனக்கும் மறை எண்களுக்கும் முகத்துக்கு முகம் பழக்கமே இல்லை.

"மைனசை மைனசால பெருக்கினா?"

"பெரிய மைனஸ்."

அடிமட்டம் என் விரல் மொளியில் விழுந்தது. "சுகமான பக்கத்தை எடுத்துக்கொண்டு இருந்திட்டாய், என்ன? நான் அங்க கிடந்து மாரடிச்சனான்!"

புத்தகத்தில் அச்சுக்கு ஒரு சூத்திரம் இருந்தது. மறை b, கீழே இரண்டு a. அந்த b தானே மறையாக இருந்துவிட்டால் மறையின் மறை என்று வந்து, எனக்கு எது யாருடைய மறை என்று பிடிபடாமல் போய்விடும். இரண்டு ஞாயிறு முயன்று பார்த்துவிட்டு அவள் கும்பிட்டாள்.

"அந்தச் சூத்திரத்தை இனி நீ தொடாதை. நான் சொல்லுறதை மட்டும் செய். அட்டவணையைப் பார். ஒரே உயரத்தில நிக்கிற ரெண்டு பேரைப் பிடி. இஞ்ச பார், x மூன்றில y என்ன?"

"சைபர்."

"மறை ஒன்றில?"

அது அவளுடைய பக்கம். நான் விரலை எண்ணினேன். மறை ஒன்றின் வர்க்கம் ஒன்று. மறை ஒன்றுக்கு சய இரண்டு x என்பது சக இரண்டு. ஒன்றும் இரண்டும் மூன்று, சய மூன்று. "சைபர்!" என்று கூவினேன்.

"ரெண்டு பேரும் ஒரே உயரம். மூன்றையும் மறை ஒன்றையும் கூட்டு. ரெண்டு. பாதியாக்கு. ஒன்று. x சமன் ஒன்று. அதுதானடி உன்ர அச்சு. ரெண்டு பேருக்கு நடுவில நிக்கிறது. உன்ர தாள் எவ்வளவு பெரிசெண்டு அதுக்குத் தெரியாது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். இன்னொண்டு கேள். அச்சு எங்க எண்டு தெரிஞ்சா, இடப்பக்கம் சரியோ பிழையோ எண்டும் தெரிஞ்சிடும். அச்சிலயிருந்து ரெண்டு அடி வலப்பக்கம் போனா என்ன உயரமோ, ரெண்டு அடி இடப்பக்கம் போனாலும் அதே உயரம் வரவேணும். வராட்டி நீ மைனசில கூத்தாடியிருக்கிறாய் எண்டு அர்த்தம்."

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இவ்வளவு கோபக்காரி ஒருத்தி படிப்பிப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்திருந்தேன். வந்து போர்வையை இழுத்து எறிந்தாள். "பெயில் விட்டுக் காட்டு, உன்னை நானே பிளேனில ஏத்தி விடுறன்" என்றாள். அம்மாவுக்கே அவளில் ஒரு பயம் வந்துவிட்டது. படித்து முடிந்ததும் அவள் அம்மாவோடு இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி மாப்பிள்ளை வீட்டுக்காரர் எந்த ஊர், அவருக்கு அங்கே என்ன வேலை, எத்தனை சகோதரம் என்று விசாரிப்பாள். வம்பு கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

கொட்டாஞ்சேனை ஞாயிறுகள் எனக்குப் பிடிப்பதில்லை. மாமா வீட்டில் இரண்டு அறை, எட்டுப் பேர். அவள் படுப்பது விறாந்தையில், சுருட்டி வைக்கும் பாயில். படிக்க இடமில்லாமல் நாங்கள் மாடிப்படியில் இருப்போம். மாதா கோவில் மணி அடிக்கும். மாமி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவார். அரிசி களைய, உடுப்பு எடுக்க, கடைக்குப் போக. அவள் முகம் சுளிக்காமல் எழுந்து போய் வருவாள். "உன்ர மாமிக்கு வேற வேலை இல்லையோ, என்ர படிப்புக் கெடுது" என்று நான் சினப்பேன். அவள், "சரி சரி, அடுத்த கணக்கைச் செய்" என்பாள்.

ஒரு முறை நாங்கள் இருவரும் ஒன்றாக வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெண் பொலிஸ் ஒருவர் அடையாள அட்டையைப் பார்த்தார், பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தார், பையைத் திறந்து கிராப் தாள்களை வெளியே எடுத்தார். கோடு, குறுக்குக் கோடு, எண்கள், நடுவே ஒரு வளைவு. பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ முகாமின் வரைபடமாகவும் தெரியலாம்.

"மே மொகத்த?" என்றார் சிங்களத்தில், இது என்ன என்று.

பக்கத்தில் நின்ற என் இடப்பக்கம்தான், "கணன் மிஸ், விபாகெட்ட" என்றாள். கணக்கு மிஸ், சோதனைக்கு.

அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கிண்ணம் கவிழ்ந்து மலையாயிற்று. அவருடைய முகத்தில் ஒரு பழைய வேதனை வந்து போனது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அவரும் எங்கேயோ ஒரு மண்டபத்தில் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்தான். தாளைத் தொற்றுநோய் மாதிரி சட்டென்று திருப்பித் தந்து, போ என்று கையைக் காட்டினார்.

சோதனை பொரளையில் ஒரு பள்ளிக்கூடத்தில். இரண்டு பேரும் ஒன்றாக விண்ணப்பித்ததால் சுட்டிலக்கம் அடுத்தடுத்து வந்தது. அவள் எனக்கு முன் மேசை. அவளுடைய முதுகையும் இரட்டைப் பின்னலையும் பார்த்துக்கொண்டு வினாத்தாளைத் திறந்தேன். வரைபுக் கணக்கு இருந்தது. இந்த முறை கிண்ணம் கவிழ்ந்தது. y சமன் ஐந்து, சக நாலு x, சய x வர்க்கம். அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமை. எந்தக் கட்டம்? மறை ஒன்றுக்குக் கீழே உள்ள கட்டம். வேறு எதைக் கேட்பார்கள்!

கணக்குப் பார்த்தேன். ஐந்து, சய நாலு, அது ஒன்று. அதோடு ஒன்று. இரண்டு. கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். கை கிராப் தாளின் மூலையைத் தானாகவே பிடித்து மடிக்கப் போனது. அதட்டி இழுத்துக்கொண்டேன்.

ஒரே உயரத்தில் நிற்கிற இரண்டு பேரைப் பிடி. அட்டவணையில் தேடினேன். சைபருக்குக் கீழே ஐந்து. நாலுக்குக் கீழேயும் ஐந்து. சைபரும் நாலும் நாலு, பாதி இரண்டு. x சமன் இரண்டு. இன்னொரு சோடியையும் பார்த்தேன். ஒன்றுக்குக் கீழே எட்டு, மூன்றுக்குக் கீழே எட்டு. கூட்டினால் நாலு, பாதி இரண்டு. அச்சு அசையவில்லை.

அப்படியானால் இரண்டிலிருந்து மூன்று அடி வலப்பக்கம் போனால் ஐந்து. ஐந்துக்குக் கீழே சைபர் என்று அச்சிட்டிருந்தது. மூன்று அடி இடப்பக்கம் போனால் மறை ஒன்று. அங்கேயும் சைபர்தானே வரவேண்டும்? நான் இரண்டு என்றல்லவா எழுதியிருக்கிறேன்! திரும்பப் பார்த்தேன். மறை ஒன்றின் வர்க்கம் ஒன்று, அதைக் கழிக்க வேண்டும், நான் கூட்டிவிட்டேன். கோதாரி! அழித்துவிட்டுச் சைபர் என்று எழுதினேன். வளைவு இரண்டு பக்கமும் ஒழுங்காக இறங்கி வந்தது. வாழ்க்கையில் முதல் தரம் ஒரு முழுக் கிண்ணத்தை நான் தனியாகக் கீறினேன். மண்டபத்தில் இருந்தபடியால் கத்த முடியவில்லை.

பெறுபேறு வந்தது. அவளுக்கு டி. எனக்கு எஸ். சாதாரண சித்தி, கரையில் ஒதுங்கிய சித்தி. இருந்தால் என்ன? அம்மா, "எஸ் எண்டா பாஸ்தானே, நல்லா விசாரிச்சனியோ?" என்று மூன்று தரம் கேட்டார். முகாமையாளர் கடிதம் தந்தார். நான் நிரந்தரமானேன். அன்று முழுவதும் யந்திரத்தில் தேவையில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா சொன்ன வாக்கை மீறவில்லை. படத்தை எடுத்துக் கடித உறைக்குள் வைத்தார். "நல்ல இடம். அண்ணாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று மட்டும் பெருமூச்சு விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வர, அனெக்ஸில் அவளும் அவளுடைய மாமாவும் இருந்தார்கள். அவள் சேலை உடுத்தியிருந்தாள். மேசையில் இரண்டு சாதகக் குறிப்புகள், ஒன்று அவளுடையது, மற்றது கனடா மாப்பிள்ளையுடையது. பத்துப் பொருத்தத்தில் எட்டுப் பொருந்துகிறதாம். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என்னுடைய பெறுபேற்றுக்கு நான் காணவில்லை.

"உனக்கு வேண்டாமெண்டபடியால் கேட்டனான்" என்றாள் அவள் என்னிடம்.

எனக்கு வேண்டாம்தான். வேண்டவே வேண்டாம்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியாமல் இரண்டு மாதம் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

பேச்சு முடிவாகி, அவளுக்கு விசாவும் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வரும் அன்று மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உள்ளே பெட்டி கட்டுகிற சத்தம். அவள் மாடிப்படியில் தனியே இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"நீ எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது இதுக்காகவோ?" என்று கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"முதல் ரெண்டு கிழமை சும்மாதான் சொல்லித் தந்தனான்" என்றாள். "பிறகு இதுக்காக."

"நான் பெயில் விட்டிருந்தா?"

"நீ கனடா போயிருப்பாய். நான் இந்தப் படியிலதான்."

"சொல்லியிருக்கலாமேடி. முதல் நாளே சொல்லியிருந்தா அண்டைக்கே படத்தைத் தூக்கி உன்ர கையில தந்திருப்பன். இவ்வளவு அடியும் வாங்கியிருக்கமாட்டன்."

அவள் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு ஞாயிறும் வந்திருந்து, நான் போகமாட்டன், நான் போகமாட்டன் எண்டு அழுதனீ. எனக்கு எங்க போக விருப்பம் எண்டு ஒருக்கா, ஒரே ஒருக்காக் கேட்டனீயே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை ஞாயிறு இந்தப் படியில் இருந்திருக்கிறேன். அவள் எழுந்து எழுந்து போய் வந்ததை என் படிப்புக்கு இடைஞ்சல் என்று மட்டும்தானே பார்த்தேன்.

"இப்ப கேக்கிறன்" என்றேன். "உனக்குப் போக விருப்பமோ?"

"ஓம்" என்றாள். பிறகு, "பயமாயிருக்கடி" என்றாள்.

வான்காரன் ஹோன் அடிக்கும்வரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.